பக்கத்தில் நின்று கற்றுத்தர வேண்டிய வேலை

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரை ஒட்டி விண்டர்போர்ன் வியூ என்றொரு தனியார் மருத்துவமனை இருந்தது. அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ளவர்கள், வீட்டிலும் வெளியிலும் சமாளிக்க முடியவில்லை என்று அனுப்பப்பட்டவர்கள், அங்கே தங்கியிருந்தார்கள். மொத்தம் 24 படுக்கைகள். 2011 மே 31 அன்று பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி அங்கே நடப்பதை நாட்டுக்குக் காட்டியது. பராமரிப்பாளராக வேலைக்குச் சேர்ந்த செய்தியாளர் ஒருவர் ஒளித்துவைத்த கேமராவில் எடுத்த காட்சிகள் அவை. அறைந்தார்கள், தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள், நாற்காலிக்கு அடியில் போட்டு அழுத்தினார்கள், உடுத்திய துணியோடு குளிர்ந்த நீரில் நிறுத்தினார்கள். 11 ஊழியர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 6 பேர் சிறைக்குப் போனார்கள். மருத்துவமனை மூடப்பட்டது.

ஒருவரை அங்கே வைத்திருக்க அரசு வாரத்துக்குச் சராசரியாக 3,500 பவுண்டு கட்டிவந்தது. பணப் பற்றாக்குறையால் வந்த கொடுமை இல்லை இது. பயிற்சியே தரப்படவில்லை என்றும் சொல்ல முடியாது. அடுத்த ஆண்டு வெளிவந்த மார்கரெட் ஃப்ளின்னின் விசாரணை அறிக்கையைப் படித்தால், ஊழியர்களுக்கு முறையாகக் கற்றுத்தரப்பட்டதில் முதலிடம் பெற்றது, திமிறுகிறவரைப் பிடித்து அடக்கும் முறை என்பது தெரியும். 2010இல் மட்டும் 379 முறை அப்படிப் பிடித்து அடக்கியதாக அவர்களே பதிவேட்டில் எழுதிவைத்திருந்தார்கள். கற்றுக்கொடுத்ததைத்தான் செய்தார்கள். ஒருவர் ஏன் திமிறுகிறார், அவருக்கு என்ன வலி, பேச்சு வராதவர் எதைச் சொல்ல முயல்கிறார் என்பதைக் கற்றுத்தர அங்கே ஆளில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், அடிக்கடி வேலையை விட்டுப் போகும் ஆட்கள், பொறுப்பான மேலாளர் இல்லாத காலங்கள். எந்தப் பயிற்சியும் இந்த மண்ணில் வேர்பிடித்திருக்காது.

கடும் குறைபாடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து உள்ளவர்களை இல்லங்களில் பார்த்துக்கொள்ளும் ஊழியர்களுக்கு எப்படிப் பயிற்சி தருவது என்ற கேள்வி ஐம்பது ஆண்டுகளாகப் பல நாடுகளில் பேசப்படுகிறது. ஒவ்வொரு முறை ஓர் இல்லத்தில் கொடுமை வெளியே வரும்போதும் 'ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும்' என்பதுதான் முதல் பரிந்துரை. அந்தப் பயிற்சி எங்கே, யாரால், எதைப் பற்றி, எவ்வளவு காலம் என்று கேட்கும்போது பதில்கள் தேய்ந்துபோகின்றன. இதுவரை நடந்த முயற்சிகளைத் தொகுத்துப் பார்த்ததில் எனக்கு உறுதியாகப் படுவது ஒன்று. இந்த வேலை வகுப்பறையில் தொடங்கலாம்; கற்பது மட்டும் குறிப்பிட்ட ஒருவரின் பக்கத்தில், அவரை நன்றாக அறிந்த இன்னொருவர் கூடவே நிற்கும்போதுதான் நடக்கிறது. அப்படி நிற்க ஆளையும் நேரத்தையும் சம்பளத்தையும் ஒதுக்காத பயிற்சித் திட்டம் சான்றிதழ்களைத்தான் விளைவிக்கும்.

இங்கிலாந்தின் அனுபவமே இதற்குச் சான்று. 2013இல் காமில்லா காவென்டிஷ் தலைமையிலான ஆய்வு, மருத்துவமனைகளிலும் இல்லங்களிலும் உதவிப் பணி செய்கிறவர்களுக்கு ஒரே சீரான அடிப்படைப் பயிற்சி இல்லை என்று சுட்டிக்காட்டியது. அதன் விளைவாக 2015 ஏப்ரலில் 'கேர் சர்டிஃபிகேட்' வந்தது. தொடக்கத்தில் பதினைந்து தரநிலைகள், சுமார் பன்னிரண்டு வாரங்களில் முடிக்கலாம். வேலையிடத்திலேயே ஒருவர் கவனித்துத் தேர்ச்சி தர வேண்டும் என்று விதி சொல்கிறது. நல்ல விதிதான். நடைமுறையில் பல இடங்களில் அது கணினித் திரையில் படம் பார்த்துக் கேள்விக்கு டிக் அடிப்பதாகச் சுருங்கியது. ஒரு நிறுவனத்தில் முடித்ததை அடுத்த நிறுவனம் நம்புவதில்லை. ஆள் மாறினால் முதலிலிருந்து படிக்க வேண்டும். 2019இல் அதே பனோரமா டர்ஹம் மாவட்டத்து வோர்ல்டன் ஹால் என்ற இன்னொரு மருத்துவமனைக்குள் ஒளிகேமராவோடு போனது. ஏளனம், மிரட்டல், வேண்டுமென்றே சீண்டிவிடுதல். அங்கே வேலை செய்த நான்கு பேரை 2023இல் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. விண்டர்போர்னுக்குப் பின் எட்டு ஆண்டுகளில் எழுதப்பட்ட கையேடுகளுக்குக் கணக்கில்லை.

அந்த நாட்டில் நடந்ததில் எனக்கு நம்பிக்கை தருவது ஒன்று உண்டு. ஆட்டிசமும் வலிப்பும் இருந்த ஆலிவர் மெக்கோவன் என்ற பதினெட்டு வயது இளைஞர் 2016இல் பிரிஸ்டல் மருத்துவமனையில் இறந்தார். மனநோய்க்கான மருந்து தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவரே சொல்லியிருந்தார், பெற்றோரும் சொன்னார்கள். இருந்தும் கொடுத்தார்கள். அவருடைய தாய் பௌலா மெக்கோவன் விடாமல் போராடியதன் பயனாக, 2022இன் சுகாதார, பராமரிப்புச் சட்டம், பதிவுபெற்ற எல்லா மருத்துவ, பராமரிப்பு நிறுவனங்களின் ஊழியர்களும் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் பற்றிப் பயிற்சி பெற வேண்டும் என்று கட்டாயமாக்கியது. நேரடிப் பராமரிப்பில் இருப்பவர்களுக்கு ஒரு முழு நாள் நேர்முகப் பயிற்சி. அந்த வகுப்பை நடத்துகிறவர்களில் அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவரும் ஆட்டிசம் உள்ள ஒருவரும் இருக்க வேண்டும், அதற்கு அவர்களுக்கு ஊதியம் தர வேண்டும். ஒரு நாளில் கைத்திறன் வந்துவிடாது. ஆனாலும் யாரைப் பராமரிக்கிறோமோ அவர் ஆசிரியராக முன்னால் நிற்பதைப் பார்த்த ஊழியர், மறுநாள் இன்னொருவருக்குச் சட்டை மாட்டிவிடும்போது கொஞ்சமாவது மாறியிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஐரோப்பாவின் வேறு சில நாடுகள் இதை முழுத் தொழிலாகவே வைத்திருக்கின்றன. நார்வேயில் 'வேர்னெப்ளையர்' என்பது மூன்றாண்டுப் பட்டப் படிப்பு. ஜெர்மனியில் 'ஹைல்எர்ட்சியுங்ஸ்ஃப்ளேகர்' என்ற தொழிற்படிப்பு பெரும்பாலும் மூன்றாண்டு நீள்கிறது. உடல் பராமரிப்பும் கற்பித்தலும் ஒரே ஆளின் கையில் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை எண்ணம். குளிப்பாட்டுவது தாழ்ந்த வேலை, சொல்லிக்கொடுப்பது உயர்ந்த வேலை என்ற பிரிவினையே அங்கே எழவில்லை. நம் இல்லங்களின் சிக்கல்களில் பாதி அந்தப் பிரிவினையிலிருந்துதான் வருகிறது.

இந்த வேலையில் கற்க அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. தாய்மை உணர்வும் பொறுமையும் இருந்தால் போதாதா? போதாது. சாப்பாடு ஊட்டுவதை மட்டும் எடுத்துக்கொள்வோம். மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பெண். முப்பது வயது என்று வைத்துக்கொள்வோம். கழுத்து நிற்காது. நாக்கு உணவை உள்ளே கொண்டுபோவதற்குப் பதில் வெளியே தள்ளும். ஊட்டுகிறவர் நின்றபடி ஊட்டினால் அவள் அண்ணாந்து பார்க்க வேண்டும். தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழாயின் வழி திறந்துகொள்கிறது, கவளம் தவறான பாதையில் இறங்குகிறது. ஆகவே முதல் பாடம், உட்கார்ந்து அவள் கண்மட்டத்தில் இருந்து ஊட்டுவது. முகவாய் சற்றுக் கீழ்நோக்கி இருக்கும்படி தலையணையோ கையோ கொடுப்பது. கரண்டி சிறியதாக, தட்டையாக இருக்க வேண்டும். அதை நாக்கின் நடுவில் வைத்து மெல்ல அழுத்தி நேராக வெளியே எடுக்க வேண்டும். மேல்பல்லில் வழித்து எடுக்கக் கூடாது. விழுங்கியதைத் தொண்டையில் பார்த்த பிறகே அடுத்த வாய். சாப்பிட்டு முடித்ததும் படுக்கவைக்காமல் அரைமணி நேரமாவது நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும்.

எதை ஊட்டுவது என்பதும் கல்விதான். உணவும் நீரும் எவ்வளவு கெட்டி என்பதைப் பூஜ்யத்திலிருந்து ஏழு வரை படிநிலையாக வகுத்த ஒரு பன்னாட்டு முறை இருக்கிறது. பிரிட்டன் 2019இலிருந்து அதைப் பின்பற்றுகிறது. பத்து மில்லி ஊசிக்குழாயில் திரவத்தை ஊற்றிப் பத்து விநாடியில் எவ்வளவு வடிகிறது என்று பார்த்தே பானத்தின் நிலையைக் கண்டுபிடித்துவிடலாம், விலையுயர்ந்த கருவி வேண்டாம். நம் சமையலறைக்கு இதைக் கொண்டுவந்தால் ஒன்று தெளிவாகும். 'லேசான சாப்பாடு' என்று நம்பி நாம் ஊட்டும் ரசம் சாதம் இவர்களுக்கு மிக ஆபத்தான உணவுகளில் ஒன்று. ரசம் முதலில் ஓடித் தொண்டைக்குள் இறங்கிவிடும், பருக்கை வாயிலேயே தங்கும். குழைய மசித்த தயிர் சாதம் அதைவிடப் பல மடங்கு பாதுகாப்பு. புரையேறினால் இருமல் வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கடும் மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் பலருக்கு இருமலே வராது. சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரக்கும், கண்ணில் நீர் கோக்கும், சாயங்காலம் காய்ச்சல் எட்டிப்பார்க்கும். இவற்றைச் சேர்த்துப் பார்த்து நுரையீரல் கெடுகிறது என்று ஊகிக்கத் தெரிந்தவர், மருத்துவர் வரும்முன்பே ஓர் உயிரைக் காப்பாற்றுகிறவர்.

இப்படி ஊட்ட ஒருவருக்கு அரைமணி நேரம் ஆகும். எட்டுப் பேருக்கு ஊட்டும் பொறுப்பு ஒரே ஆயாவிடம் இருந்தால் நான்கு மணி நேரம். அவருக்குக் கிடைப்பதோ ஒரு மணி நேரம். எவ்வளவு நன்றாகக் கற்பித்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அவர் கற்றதை மறந்துவிட்டு வேகமாக வாயில் திணிப்பார், திணித்துத்தான் ஆக வேண்டும். பயிற்சியைப் பற்றிப் பேசும் எவரும் ஆள் எண்ணிக்கையைப் பற்றிப் பேசாமல் தப்பிக்க முடியாது.

வலிப்பு இன்னொரு பாடம். கடும் குறைபாடு உள்ளவர்களில் பெரும்பங்கினருக்கு வலிப்பும் உண்டு. இரும்புச் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பது, பற்களுக்கிடையே கரண்டியை நுழைப்பது, நாலு பேர் கைகாலை அழுத்திப் பிடிப்பது ஆகிய பழக்கங்களை முதலில் மறக்கவைக்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் துணி வைத்து, கடிகாரத்தைப் பார்க்கப் பழக்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் மூக்கில் அடிக்கும் மிடாசோலம் மருந்து, ஆம்புலன்ஸ். அந்த மருந்தை இரவு ஷிப்டில் தனியாக இருப்பவர் கையில் கொடுத்திருக்கிறார்களா, அலமாரியில் பூட்டிச் சாவியை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்களா என்பதில் உயிர் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் 2013 ஜூலையில் கானர் ஸ்பாரோஹாக் என்ற பதினெட்டு வயது இளைஞர், அரசு மருத்துவ அமைப்பின் சிகிச்சை இல்லமொன்றில் குளியல் தொட்டியில் மூழ்கி இறந்தார். அவருக்கு வலிப்பு இருந்தது எல்லோருக்கும் தெரியும். கூட யாரும் இல்லாமல் குளித்துக்கொண்டிருந்தார். 2015இல் நடந்த மரண விசாரணையில் ஜூரிகள், அலட்சியமும் அவர் சாவுக்குக் காரணம் என்றார்கள். வலிப்பைக் கையாள்வதில் ஊழியர்களுக்குப் போதிய பயிற்சியும் வழிகாட்டலும் இல்லை என்பதைக் குறிப்பிட்டே சொன்னார்கள். 2018இல் அந்த அமைப்புக்கு, அவருடையதும் இன்னொருவருடையதுமாக இரண்டு மரணங்களுக்கும் சேர்த்து, 20 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. கதவுக்கு வெளியே ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதுமாயிருந்தது.

வெளியே பேசக் கூச்சப்படும் விஷயங்களில்தான் அதிகமான உயிர்கள் போகின்றன. இப்ஸ்விச்சில் 2012இல் இறந்த ரிச்சர்ட் ஹேண்ட்லிக்கு வயது 33. டவுன் சிண்ட்ரோமும், வாழ்நாள் முழுக்க மலச்சிக்கலும் இருந்தன. அவர் தங்கியிருந்த இல்லத்தின் நிர்வாக முறை மாறியபோது, அவருடைய உணவையும் மலம் கழிப்பதையும் குறித்துவந்த பழைய ஒழுங்கு தளர்ந்துபோனது. வயிறு வீங்கியது. பார்த்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கவில்லை. மலம் கழித்ததைக் குறிப்பது, தினமும் ஒரு தாளில் ஒரு கோடு போடும் வேலைதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைப்பதும் அப்படித்தான். தவறினால் படுக்கைப்புண், புண்ணிலிருந்து ரத்தத்தில் நஞ்சு. ஒரே பக்கமாக ஆண்டுக்கணக்கில் கிடப்பவரின் இடுப்பு மூட்டு விலகும், முதுகு வளையும், வளைந்த முதுகுக்குள் நுரையீரல் நசுங்கும். எந்த இடத்தில் எந்தத் தலையணை என்பதைப் படமெடுத்துக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவைப்பது, நான் அறிந்தவரை, மிகக் குறைந்த செலவில் மிக அதிகம் தரும் பயிற்சி.

உடலுக்கு அடுத்தது நடத்தை. தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறார், கையைக் கடித்துக்கொள்கிறார், அருகில் வந்தவரை அறைகிறார். நம் இல்லங்களில் இதற்கு 'அடம்', 'முரண்டு' என்று பெயர். பல்வலியாக இருக்கலாம், காதில் சீழாக இருக்கலாம், மாதவிடாய் வலியாக இருக்கலாம், பக்கத்துக் கட்டில்காரரின் கூச்சலாக இருக்கலாம். காரணத்தைத் தேடுகிறவருக்கும் தேடாதவருக்கும் இடையில் ஒரு மாத்திரை நிற்கிறது. இங்கிலாந்தில் அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்களில் 30,000 முதல் 35,000 பேர் வரை, உரிய நோய் இல்லாமலே மனநோய் மருந்தோ மனச்சோர்வு மருந்தோ தினமும் விழுங்குகிறார்கள் என்று அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை 2015இல் கணக்கிட்டது. மருந்தெழுதுகிறவர் மருத்துவர். ஆனால் 'ராத்திரி தூங்கவே இல்லை, ஒரே ரகளை' என்று அவரிடம் சொல்கிறவர் பராமரிப்பாளர். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதிலாக எப்போது, எங்கே, அதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்று நான்கு வரி எழுதத் தெரிந்தால் மருந்துச் சீட்டே மாறிப்போகும்.

பேச்சே இல்லாதவர்களோடு உறவாடவும் முறை உண்டு. லண்டனுக்கு வடக்கே ஹார்ப்பர்பரி மருத்துவமனைப் பள்ளியில் 1980களில் டேவ் ஹ்யூவட், மெலனி நிண்ட் ஆகியோர் வளர்த்தெடுத்த வழி அது. பேச்சு வராதவர் எழுப்பும் ஒலியை நாமும் எழுப்புவது, அவர் தட்டினால் நாமும் தட்டுவது, பிறகு காத்திருப்பது. கைக்குழந்தையிடம் நம் பாட்டிமார் செய்ததுதான். வளர்ந்த ஆணிடமோ பெண்ணிடமோ வயதுக்குரிய மரியாதையோடு அதைச் செய்யவே கற்க வேண்டியிருக்கிறது. நம் இல்லங்களில் நாற்பது வயதுக்காரரையும் 'குழந்தை' என்கிறார்கள், அன்பாகத்தான் சொல்கிறார்கள். அந்த அன்பு கதவைத் திறந்துபோட்டே குளிப்பாட்டவும் அனுமதித்துவிடுகிறது.

கற்பித்தது நிலைக்கிறதா என்பதுதான் ஆய்வாளர்கள் அதிகம் உழைத்த கேள்வி. ஜிம் மான்செல்லும் அவருடைய சகாக்களும் 1980களில் ஆண்டோவர் என்ற ஊரின் சிறு வீடுகளில் தொடங்கியது 'ஆக்டிவ் சப்போர்ட்' என்ற முறை. வேலையை இல்லத்தில் இருப்பவருக்காக நாமே செய்துவிடாமல், அவரையும் சேர்த்துக்கொண்டு செய்வது. துணியை இயந்திரத்தில் போடும்போது ஒரு சட்டையாவது அவர் கையால் விழ வேண்டும். 1990களின் இறுதியில் வேல்ஸ் நாட்டில் நடந்த ஆய்வுகள் ஓர் உண்மையைக் காட்டின. பயிற்சிக்கு முன்பு, இல்லத்தில் இருப்பவர்களில் யாருக்குத் திறன் அதிகமோ அவர்களுக்கே ஊழியர்களின் கவனமும் அதிகம் கிடைத்தது. மிகவும் உதவி வேண்டியவர் மூலையில் கிடந்தார். பயிற்சிக்குப் பின் அது திரும்பியது. அந்தப் பயிற்சியில் இரண்டு பகுதிகள் இருந்தன: வகுப்பு ஒன்று, பயிற்சியாளர் இல்லத்துக்கே வந்து ஒவ்வொரு ஊழியரோடும் நின்று செய்துகாட்டித் திருத்துவது மற்றொன்று. இரண்டாவது பகுதியைக் குறைத்து முறையைப் பரப்பியபோது பலனும் குறைந்தது. பிறகு மெல்பர்னில் கிறிஸ்டின் பிக்பியும் மற்றவர்களும் செய்த ஆய்வுகள், இல்லத்தின் நேரடி மேற்பார்வையாளர் நாற்காலியை விட்டெழுந்து கூடத்தில் நிற்கிறாரா என்பதே ஊழியர்களின் வேலைத்தரத்தோடு நெருங்கிய தொடர்புடையது என்று சொல்கின்றன.

இங்கிருந்து நம் நாட்டுக்கு வருவோம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. சங்கிலியிடுவதை 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகவே தடைசெய்தது. அங்கிருந்தவர்கள் மனநோயாளிகள், இந்தக் கட்டுரை பேசும் மக்கள் வேறு என்று ஒருவர் சொல்லலாம். சமாளிக்கத் தெரியாதவர் கையில் ஆளை ஒப்படைத்தால் கயிறும் சங்கிலியுமே கருவியாகும் என்பது இரு தரப்புக்கும் பொது.

சட்டங்கள் நம்மிடம் குறைவில்லை. 1992இன் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம், சிறப்பாசிரியர்கள், பேச்சுப் பயிற்சியாளர்கள் முதலானோரின் படிப்பையும் பதிவையும் ஒழுங்குபடுத்தியது. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்குமானது. 'கரௌந்தா' என்ற வாழ்நாள் இல்லத் திட்டமும், 'சஹயோகி' என்ற பராமரிப்பாளர் பயிற்சித் திட்டமும் அதன் கீழ் வந்தவை. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், உயர் ஆதரவு தேவைப்படுவோர் என்ற பிரிவை ஏற்று அவர்களுக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகையைப் பேசுகிறது. பராமரிப்புத் திறன் வளர்க்கும் பயிற்சிகளை 47ஆம் பிரிவில் அரசின் கடமையாக்குகிறது. பதிவுச் சான்று இல்லாமல் இல்லம் நடத்தக் கூடாது என்று 50ஆம் பிரிவு சொல்கிறது. 2021இல் மறுவாழ்வுக் குழுமம் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து சமுதாயக் களப்பணியாளர்களுக்கு ஆறுமாதச் சான்றிதழ்ப் படிப்பு தொடங்கியது.

தமிழ்நாட்டில் அறிவும் அனுபவமும் நிறையவே சேர்ந்திருக்கின்றன. முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கிய பல்வகைக் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனம் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பூனம் நடராஜன் 1985இல் சென்னையில் தொடங்கி இன்று வித்யாசாகராக வளர்ந்திருக்கும் அமைப்பு, பெற்றோரையே பயிற்சியாளர்களாக ஆக்கிக்காட்டியது. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் சுற்றுவட்டக் கிராமங்களில் பெண்களைப் பயிற்றுவித்து வீடுவீடாக அனுப்புகிறது. உலக வங்கிக் கடனோடு நடக்கும் மாநில அரசின் உரிமைகள் திட்டமும் களப்பணியாளர்களை நம்பியே இருக்கிறது.

இவற்றிலெல்லாம் விடுபட்டுப்போனவர் இல்லத்து ஆயா. பிசியோதெரபிஸ்ட் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வருவார். சிறப்பாசிரியர் பத்திலிருந்து நான்கு வரை. மீதி நேரம் முழுக்க ஆயாக்கள்தான். சான்றிதழ்ப் படிப்புகள் பெரும்பாலும் பள்ளித் தேர்ச்சி கேட்கும். இவர்களில் பலர் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கும். பயிற்சி நகரத்தில் நடக்கும். இவர் போனால் அன்று ஊட்ட ஆளிருக்காது. ஆகவே இல்லத்திலிருந்து பயிற்சிக்குப் போகிறவர் மேலாளராகவோ ஆசிரியராகவோ இருப்பார். போய்வந்து கோப்பில் சான்றிதழைச் செருகுவார். மலத்தையும் எச்சிலையும் தொடும் வேலை என்பதால் இதன்மேல் சாதியின் பார்வையும் படிந்திருக்கிறது. பெரும்பாலும் பெண்கள், கணவனை இழந்தவர்கள், வேறு போக்கில்லாதவர்கள். கூட்டங்களில் அவர்களை உட்காரவைப்பதில்லை. ஓர் இளைஞருக்குக் காய்ச்சல் வரப்போகிறதென்று முந்தின இரவே அவர் கை தொட்டு அறிந்த ஆயாவிடம், மறுநாள் வரும் மருத்துவர் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

இதில் ஒரு கொள்கைத் தகராறும் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இந்தியா 2007இல் ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையின் 19ஆம் உறுப்பு, மாற்றுத்திறனாளிகள் மற்றவர்களைப் போலவே சமுதாயத்தில், தாம் விரும்பும் இடத்தில் வாழும் உரிமையைச் சொல்கிறது. அதைக் கண்காணிக்கும் குழு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இல்லங்களில் இனி முதலீடு செய்யாதீர்கள், சிறு குழு இல்லங்களும் இல்லங்களே என்கின்றன. இல்ல ஊழியர்களுக்குப் பயிற்சி தருவது, மூடவேண்டிய கட்டடத்துக்கு வெள்ளையடிப்பதாகாதா என்று உரிமைச் செயற்பாட்டாளர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் 'எங்க காலத்துக்கு அப்புறம் இவனை யாரு பார்ப்பா?' என்று கேட்கும் எழுபது வயதுத் தாயும் இருக்கிறார், இன்றிரவு அந்தக் கட்டடத்தில் படுத்திருப்பவரும் இருக்கிறார். இல்லம் சிறியதாகி வீடாக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. வீடானாலும் ஊட்ட ஒரு கை வேண்டும். கண்காணிக்க ஆளில்லாத வீடு இன்னும் ஆபத்தாகவும் முடியலாம். அடிலெய்டில் 2020இல் தன் சொந்த வீட்டிலேயே, ஒரே ஒரு பராமரிப்பாளரின் பொறுப்பில், நாற்காலியிலிருந்து எழுப்பப்படாமல் கிடந்து புண்ணழுகி, கடைசியில் மருத்துவமனையில் இறந்த ஆன்மேரி ஸ்மித்துக்கும் மூளை முடக்குவாதம்தான். ஆகவே பயிற்சியின் இலக்கு கட்டடமாக இருக்கக் கூடாது. எங்கே போனாலும் அந்த மனிதரோடு கூடப் போகக்கூடிய கைத்திறனாக இருக்க வேண்டும்.

செய்யக்கூடியவை நம் கையிலேயே இருக்கின்றன. பதிவுச் சான்று தரும்போது கழிப்பறை எண்ணிக்கையையும் தீயணைப்புக் கருவியையும் பார்க்கும் அதிகாரி, ஊட்டும் நேரத்தில் ஒருவருக்கு எத்தனை பேர் என்பதையும் இரவில் யார் விழித்திருக்கிறார் என்பதையும் நிபந்தனையாக்கலாம். அரசு மானியத்தில் பயிற்சிக்கு ஒதுக்குவதோடு, பயிற்சி நாளில் மாற்றாளுக்கான கூலியையும் ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரும் வர முடியாது. பயிற்சியாளர் இல்லத்துக்கு வர வேண்டும், மாதம் ஒரு முறையாவது, காலை ஏழு மணிக்குக் குளிப்பாட்டும் வேளையில். எழுதப் படிக்கத் தடுமாறுகிறவருக்குப் படமும் செய்துகாட்டலும் போதும். தேர்வும் செய்துகாட்டலாகவே இருக்கட்டும். பெற்றோர் உள்ள இடத்தில் அவர்கள் வந்து தம் பிள்ளை எப்படிச் சிரிப்பான், எப்படி மறுப்பான் என்று ஊழியருக்குச் சொல்லித்தர வேண்டும். பெற்றோர் இல்லாதவருக்கு, அவரை நெடுநாள் அறிந்த ஆயா சொல்லச் சொல்ல யாராவது எழுதிவைக்க வேண்டும். அந்த ஆயா ஓய்வுபெற்றுப் போனால் அவரோடு அத்தனையும் போய்விடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நான் கேட்பது ஒரு பதவி. ஒவ்வோர் இல்லத்திலும் பத்தாண்டு வேலை பார்த்த ஒருவர் இருப்பார். புதிதாக வருகிறவர் எல்லோரும் சந்தேகம் வந்தால் அவரைத்தான் 'அக்கா, இங்க கொஞ்சம் வாங்க' என்று கூப்பிடுவார்கள். அவரை மூத்த பராமரிப்பாளர் என்று எழுத்தில் நியமித்து, பாதி நேரம் மற்றவர்களுக்குக் கற்றுத்தருவதே அவர் வேலை என்று ஆக்கி, அதற்கான சம்பள உயர்வை மானிய விதிகளிலேயே எழுத வேண்டும். முட்டுக்காடு நிறுவனமும் வித்யாசாகர் போன்ற அமைப்புகளும் முதலில் பயிற்றுவிக்க வேண்டியது இந்த அக்காக்களை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகங்கள் பதிவுபெற்ற இல்லங்களின் பட்டியலை வைத்திருக்கின்றன. ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒரு பெயர் என்று கேட்டு வாங்குவதிலிருந்து இதைத் தொடங்கலாம்.